ஆலை எரிந்த பின்னும் சம்பளம் தந்தவர்: ஆரன் ஃபாயர்ஸ்டீனை எதற்காகப் போற்ற வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற சிறு நகரத்தில் மால்டன் மில்ஸ் ஆலையை நடத்திய ஆரன் ஃபாயர்ஸ்டீன், 1995இல் ஆலை எரிந்துபோன பின்னும் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் என்று போற்றப்படுகிறார். ஆனால் ஆறே ஆண்டுகளில் நிறுவனம் திவாலானது. பிற்பாடு அந்த ஊரில் உற்பத்தியே நின்றுபோனது. அப்படியிருக்க, உள்ளூர் வேலைகளைக் காத்தவர் என்று மறைந்த அவரைக் கொண்டாடுவது பொருத்தமா?

பதில்:

பொருத்தம்தான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிக் காரணமே என்பதையும், திவாலைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் தவறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தீவிபத்தும் அதை ஒட்டிய ஓர் அறிவிப்பும் அவரை உலகறியச் செய்தன. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள் யாருடைய நினைவிலும் இல்லை. என் பார்வையில் அவருக்குரிய மரியாதையின் பெரும்பகுதி அந்த நாற்பது ஆண்டுகளுக்கே உரியது.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். லாரன்ஸ், காலப்போக்கில் தானாக வளர்ந்த ஊர் அன்று. 1840களில் பாஸ்டன் முதலாளிகள் மெரிமாக் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, அதன் நீர்விசையால் ஆலைகளை ஓட்டுவதற்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய நகரம் அது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களே அங்கு தறிகளை இயக்கினார்கள். 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெண்களுக்கும் சிறார்களுக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைத்த சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆலை முதலாளிகள் அதற்கேற்பக் கூலியையும் குறைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கடும் குளிரில் வீதிக்கு வந்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் அழியாத இடம் பெற்ற வேலைநிறுத்தம் அது. முதலாளி என்றால் கூலியைப் பிடித்தம் செய்பவன் என்ற நினைவு ஊறிப்போன ஊர் லாரன்ஸ் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், 1995 டிசம்பரில் அங்கு நடந்ததன் கனம் புரியும்.

அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நியூ இங்கிலாந்து ஆலைகள் ஒவ்வொன்றாகத் தென் மாநிலங்களுக்குப் பெயர்ந்தன. அங்கே கூலி குறைவு, தொழிற்சங்கம் வலுவற்றது, பருத்தி பக்கத்தில், கட்டடமும் எந்திரமும் புதியவை. கணக்குப் பார்த்தவர்கள் யாரும் வடக்கில் தங்கவில்லை. 1950களில் லாரன்ஸின் பேராலைகள் பல வெற்றுச் செங்கல் கூடுகளாக நின்றன. ஒரே தொழிலை நம்பி எழுந்த ஊரில் அந்தத் தொழில் போனால், சம்பளம் மட்டும் போவதில்லை. கடைகள், வீட்டு வாடகை, பள்ளிக்கூடத்துக்கு வரும் வரிப்பணம், அப்பாவுக்குப் பின் மகனுக்கும் அங்கேயே ஒரு வேலை இருக்கும் என்ற நம்பிக்கை என எல்லாமே அதன் பின்னால் போகின்றன.

மற்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஃபாயர்ஸ்டீன் குடும்பம் உள்ளே வந்தது. ஆரனின் தாத்தா ஹென்றி, ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதர். அவர் 1906இல் மால்டன் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனத்தைக் குடும்பத்தார் 1956இல் லாரன்ஸுக்கு மாற்றினார்கள். லாரன்ஸும் அடுத்த ஊரான மெதூயனும் சந்திக்கும் எல்லையில் இருந்த பழைய ஆலை வளாகமே அதன் இடமாயிற்று. இதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய கட்டடங்களும், நூலையும் துணியையும் கையால் தொட்டே தரம் சொல்லக்கூடிய தொழிலாளர்களும் அங்கே காத்திருந்தார்கள் என்பது ஒரு தொழிலதிபருக்குப் போதுமான காரணம். ஆனால் அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தெற்கே போ, பிறகு கடல் கடந்து போ என்று கணக்கேடு சொல்லிக்கொண்டே இருந்தபோது போகாமல் இருந்தார்களே, அதற்குக் கட்டடமும் ஆட்களும் மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது.

1925இல் பிறந்த ஆரன், பட்டம் பெற்ற கையோடு 1947இல் குடும்பத் தொழிலில் சேர்ந்தவர். ஆலை பல காலம் செயற்கை உரோமத் துணியில் பெரிதாக முதலிட்டிருந்தது. அந்த நாகரிகம் திடீரென்று ஓய்ந்ததும், 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் முதல்முறையாகத் திவால் பாதுகாப்பை, அதாவது கடனைச் சீரமைக்கும்வரை நீதிமன்றம் தரும் காப்பை, நாடியது. இந்தச் செய்தி பல அஞ்சலிகளில் இடம்பெறவே இல்லை. எனக்கோ மிக முக்கியமாகப் படுகிறது. இடத்தை மாற்றலாம், ஆட்களைக் குறைத்து வேறிடத்தில் தொடங்கலாம் என்ற வாய்ப்பு கண்முன் இருந்த வேளையில், அவர் ஆய்வுப் பிரிவுக்குப் பணம் ஒதுக்கினார். அதன் பயன்தான் இன்று உலகெங்கும் குளிர்காலத்தில் அணியப்படும் ஃப்ளீஸ் துணி. 1970களின் இறுதியில், மலையேறுவோருக்கான உடைகளைத் தயாரித்த பேடகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து இந்தத் துணியை மால்டன் மில்ஸ் உருவாக்கத் தொடங்கியிருந்தது. பின்னர் அது போலார்டெக் என்ற பெயரில் வளர்ந்தது.

அந்தத் துணி எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சற்று விளக்குவது நல்லது, ஏனெனில் வேலைகள் ஏன் அந்த ஊரிலேயே நின்றன என்பதற்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. பாலியெஸ்டர் நூலை வளையம் வளையமாகப் பின்னி, நுண்ணிய கம்பிகள் பொருத்திய உருளைகளால் அந்த வளையங்களைக் கீறி எழுப்பி, எழும்பிய இழைகளைச் சீராகக் கத்தரிக்கிறார்கள். இழைகளுக்கிடையே அடைபடும் காற்று உடல் வெப்பத்தைக் காக்கிறது. பாலியெஸ்டர் நீரை உறிஞ்சாததால் நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடுகிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கம்பி எவ்வளவு ஆழம் கீற வேண்டும், எந்த வெப்பத்தில் துணியை நிலைநிறுத்த வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரளும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவருக்கே தெரியும். தொழிலாளரைச் செலவுக் கணக்கில் எழுதாமல் சொத்துக் கணக்கில் எழுத வேண்டும் என்று ஃபாயர்ஸ்டீன் அடிக்கடி சொல்வார். மலிவில் அடித்துப்போடும் துணியில் கூலிதான் போட்டி. தரத்தால் விற்கும் துணியில் கைப்பழக்கம்தான் போட்டி. இரண்டாவது வகைத் துணியைத் தேடிக் கண்டுபிடித்ததால்தான் அவரால் தொழிற்சங்கத்தோடு இணக்கமாக இருக்கவும், துணித்தொழிலின் சராசரியைவிடக் கூடுதலாகச் சம்பளம் தரவும் முடிந்தது.

1995 டிசம்பர் 11 இரவு. அன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். பாஸ்டனில் குடும்பத்தார் நடத்திய விருந்தில் இருந்தபோது ஆலை எரியும் செய்தி வந்தது. வெடிப்போடு தொடங்கிய தீ, பலத்த காற்றில் கட்டடத்துக்குக் கட்டடம் தாவி, வளாகத்தின் பெரும்பகுதியை விடிவதற்குள் இடித்துப்போட்டது. உயிரிழப்பு இல்லை, ஆனால் தொழிலாளர் பலர் காயமடைந்தனர், சிலருக்கு ஆறாத தீப்புண்கள். துணிக்கு இறுதி வடிவம் தரும் ஒரு கட்டடம் தப்பியது. தீயணைப்பு வீரர்களோடு ஆலைத் தொழிலாளர்களும் நின்று போராடியதால் தப்பிய கட்டடம் அது. பின்னால் உற்பத்தி மீண்டும் எழ முடிந்ததற்கு அந்தக் கட்டடமே அடித்தளம் என்பதால், முதலாளியின் பெருந்தன்மையைப் பாடும் எந்த அஞ்சலியும் அந்த இரவில் நின்ற தொழிலாளர்களை விட்டுவிட்டால் அது அரைகுறை அஞ்சலி.

மூன்று நாள் கழித்து, உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் விளையாட்டரங்கில் தொழிலாளர்கள் கூடினார்கள். ஆலையில் ஏறத்தாழ 3,000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் சுமார் 1,400 பேருக்குத் திரும்பிச் செல்ல வேலையிடமே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களே இருந்தன. கணக்கு முடித்து அனுப்பப் போகிறார் என்று எதிர்பார்த்து வந்தவர்களிடம், அடுத்த முப்பது நாட்களுக்கு எல்லோருக்கும் முழுச் சம்பளம் உண்டு என்றும், மருத்துவக் காப்பீடு தொடரும் என்றும், ஆலை இதே இடத்தில் மீண்டும் கட்டப்படும் என்றும் அவர் அறிவித்தார். அந்த முப்பது நாள் பின்னர் அறுபதாகி, தொண்ணூறை எட்டியது. வாரச் சம்பளச் செலவு மட்டும் 15 லட்சம் டாலர்.

எழுபது வயதில் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஓய்வெடுத்திருக்கலாம். ஊரில் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அந்தப் பணத்தோடு வெளிநாட்டில் புதிய ஆலை கட்டியிருந்தால், கெட்டிக்காரர் என்று தொழில் இதழ்கள் பாராட்டியிருக்கும். சட்டப்படி அவர் யாருக்கும் ஒரு காசு தர வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறுவனம் பங்குச்சந்தையில் இல்லை, குடும்பத்தின் கையில் இருந்தது. அதனால்தான் மூன்றே நாளில் ஒரே ஆள் முடிவெடுக்க முடிந்தது. நல்ல மனம் இருந்தால் போதாது. அந்த மனம் சொல்வதைச் செய்யும் உரிமையும் அதே கையில் இருக்க வேண்டும். இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

தப்பிய கட்டடத்தில் எந்திரங்களைச் சேர்த்து, அக்கம்பக்கத்துக் கிடங்குகளிலும் இடம் பிடித்து, சில வாரங்களிலேயே துணி வெளிவரத் தொடங்கியது. தீக்கு முன் வாரத்துக்கு 1,30,000 கெஜம் உற்பத்தியான ஆலையில், தீக்குப் பின் 2,30,000 கெஜம் வரை வந்ததென்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சில மாதங்களில் பெரும்பான்மையோர் வேலைக்குத் திரும்பினார்கள். மீதிப் பேருக்குப் புதிய கட்டடம் எழும்வரை காத்திருப்புதான். அதில் பட்ட சிரமத்தை மறைக்க வேண்டியதில்லை. 1996 ஜனவரியில் அதிபர் கிளின்டன் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை நிகழ்த்தியபோது ஃபாயர்ஸ்டீன் விருந்தினராக அமர்ந்திருந்தார். புதிய ஆலை 1997இல் திறக்கப்பட்டது.

இனி உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வருகிறேன். 2001 நவம்பரில் மால்டன் மில்ஸ் இரண்டாம் முறையாகத் திவால் பாதுகாப்பு கோரியது. அன்று முதல் இன்றுவரை, அதிகப்படியான நல்ல மனத்தால் கெட்டவர், வேலை செய்யாதவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நிறுவனத்தை மூழ்கடித்தவர் என்ற வாதம் வணிகக் கல்வி வகுப்புகளில் கூட ஒலிக்கிறது. தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த வாதம் நிற்காது. தீக்குப் பிந்தைய சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் அவர் செலவிட்டதாகச் சொல்லப்படும் தொகை சுமார் 2.5 கோடி டாலர். மீண்டும் கட்ட ஆன செலவோ 40 கோடி டாலருக்கும் மேல். காப்பீட்டிலிருந்து வந்தது ஏறத்தாழ 30 கோடி. இடையில் விழுந்த பள்ளத்தைக் கடன்தான் நிரப்பியது. அந்தக் கடன் தோளில் இருக்கும்போதே, ஆலை நின்ற மாதங்களில் வேறிடம் தேடிப் போன சோஃபாத் துணி வாடிக்கையாளர்கள் திரும்பி வரவில்லை; அந்தப் பிரிவையே சில ஆண்டுகளில் மூட வேண்டியதாயிற்று. ஃப்ளீஸைப் பார்த்துச் செய்த மலிவான துணி வெளிநாடுகளிலிருந்து குவிந்தது. குளிர் குறைந்த ஆண்டுகளில் விற்பனையும் படுத்தது. இவற்றில் எதுவும் அந்தத் தொண்ணூறு நாள் சம்பளத்தால் வந்ததன்று.

அதற்காக அவர்மேல் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிதாக, அவ்வளவு விரைவாக, சந்தை எப்படித் திரும்பும் என்று தெரியாத நிலையில் கட்டியது ஒரு தொழில் முடிவு, அது தவறிப்போனது. சிறிதாகத் தொடங்கி, வந்த லாபத்தில் பிறகு விரித்திருக்கலாம் என்ற விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடம் பற்றிய கணக்கு வேறு, தொழிலாளரிடம் காட்டிய நேர்மை வேறு. முன்னதில் தவறியவர் பின்னதிலும் ஏமாளிதான் என்று முடிவு கட்டுவதே நான் ஏற்காத வாதம்.

2003இல் நிறுவனம் திவாலிலிருந்து மீண்டபோது உரிமை கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிருந்தது. ஆலையை மீட்டு வாங்க அவர் முயன்றார், முடியவில்லை. 2007இல் மறுபடியும் திவால். சொத்துகள் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன, நிறுவனத்தின் பெயர் போலார்டெக் ஆனது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை அரசின் உத்தரவாத அமைப்பு ஏற்க வேண்டி வந்தது. 2015 டிசம்பரில், அந்தத் தீவிபத்து நடந்து இருபது ஆண்டு நிறைந்த அதே மாதத்தில், உற்பத்தியை டென்னசி மாநிலத்துக்கு மாற்றப்போவதாக அப்போதைய உரிமையாளர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டில் லாரன்ஸ் வட்டாரத்தில் எந்திரங்கள் நின்றன. முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1995இல் ஆலையே சாம்பலாகிக் கிடந்தபோது இங்கேயே கட்டுவோம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்தது, சொன்னார். 2015இல் ஆலை நன்றாக நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லக்கூடியவர் அங்கே இல்லை.

உள்ளூர் வேலைகளைக் காத்தார் என்று சொல்லும்போது எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என்றென்றைக்கும் காத்தாரா என்றால் இல்லை. உலகில் எந்த ஆலையும் அப்படிக் காத்ததில்லை. 1956இலிருந்து 2016 வரை அறுபது ஆண்டுகள் அந்த வளாகத்தில் துணி நெய்யப்பட்டது. தீ விபத்தின் இரவோடு முடிந்திருக்க வேண்டியது, மேலும் இருபது ஆண்டுகள் நடந்தது. ஆட்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனாலும் தீயன்று நாற்பத்தைந்து வயதில் இருந்து, கடைசி வரை வேலையைத் தக்கவைத்துக்கொண்ட ஒருவர், எந்திரம் நின்றபோது ஓய்வு பெறும் வயதைக் கடந்திருப்பார். வீட்டுக்கடனை அடைத்திருப்பார், பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியிருப்பார். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் இருபது ஆண்டு என்பது ஏறக்குறைய எல்லாமே. ‘கடைசியில் போய்த்தானே விட்டது’ என்பவர்கள் இந்த இருபதைக் கூட்டாமலே விடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஃபாயர்ஸ்டீன் தம் செயலுக்கான காரணத்தைத் தம் சமயத்திலிருந்தே எடுத்துச் சொன்னார். ஏழையான கூலியாளை ஒடுக்காதே, அவன் உன் இனத்தவனாயினும் உன் ஊரில் தங்கிய அயலானாயினும் சரி என்று உபாகமம் என்ற வேதநூல் இடும் கட்டளையையும், மனிதர் இல்லாத இடத்தில் மனிதனாக இருக்க முயல் என்ற யூத முன்னோர் வாக்கையும் அவர் அடிக்கடி நினைவுகூர்ந்தார். அவரை ‘மெஞ்ச்’ என்று அமெரிக்கர்கள் அழைத்தார்கள். யித்திஷ் மொழியில் அதன் நேர்ப்பொருள் மனிதன் என்பதுதான்; ஆனால் நேர்மையும் நெஞ்சுரமும் உள்ளவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நாமும் ஒருவரைப் பார்த்து நெகிழ்ந்து, ‘அவர் மனுஷன்’ என்று சொல்லும்போது வேறெந்த அடைமொழியும் சேர்ப்பதில்லை அல்லவா? அந்தச் சொல்லில் இருக்கும் எடை அதே எடை. தமக்குக் கிடைத்த புகழைக் கண்டு அவர் மகிழவில்லை, சற்று வருந்தினார். இப்படிச் செய்ததற்காக ஒருவர் கொண்டாடப்படுகிறார் என்றால் அது காலத்துக்குப் பெருமை அன்று என்பது அவர் கருத்து. இதைத் தன்னடக்கம் என்று கடந்துபோகக் கூடாது. அவர் உண்மையிலேயே அதைத்தான் நினைத்தார் என்று நம்புகிறேன்.

2021 நவம்பர் 4 அன்று, 95ஆம் வயதில் அவர் மறைந்தார். அப்போது வெளியான இரங்கல் கட்டுரைகளில் பெரும்பாலானவை தீவிபத்தில் தொடங்கி திவாலில் முடிந்தன. நாடகத்துக்கு அந்த அமைப்பு வசதியானது. இவரைப் போலவே ஒரு சிற்றூரில் ஆலையை நிலைநிறுத்தி மறைந்த ஒருவரைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் என் பரிந்துரை, அந்த அமைப்பைக் கைவிட்டு விடுங்கள் என்பதே. போகச் சொல்லி வந்த வாய்ப்புகள் எவை, அவற்றை எந்த ஆண்டுகளில் மறுத்தார், மறுத்துவிட்டு அந்த ஊரில் எதில் பணம் போட்டார், எத்தனை பேர் எத்தனை ஆண்டு அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றார்கள் என்று தேடுங்கள். சம்பளப் பதிவேட்டில் ஒரே குடும்பப் பெயர் எத்தனை தலைமுறைக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களிடம் பேசுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளையும் விடாமல் எழுதுங்கள். தீப்புண்பட்டவரையும், ஓய்வூதியம் எண்ணிக் கலங்கியவரையும் விலக்கிவிட்டு எழுதப்படும் புகழுரையை, தொழிலாளரைச் சொத்து என்று சொன்ன ஃபாயர்ஸ்டீனே ஏற்றிருக்க மாட்டார்.

மால்டன் மில்ஸ் வளாகத்தின் பழைய கட்டடங்கள் சில இன்று குடியிருப்புகளாக மாறியிருக்கின்றன; ஒரு காலத்தில் தறி ஓடிய தளங்களில் இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன. அங்கே ஒரு கல்வெட்டு வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், 1995 டிசம்பர் 11ஐ முதலில் பொறிக்க மாட்டேன். அண்டை ஆலைகளின் எந்திரங்கள் தெற்கே ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் குடும்பத்தின் எந்திரங்கள் லாரன்ஸுக்குள் வந்து இறங்கிய 1956ஆம் ஆண்டை முதல் வரியில் பொறிப்பேன். தீயை அடுத்த வரியில் சொல்வேன். அதற்குக் கீழே, அந்த இரவில் துணிக்கு இறுதி வடிவம் தரும் கட்டடத்தை எரியாமல் காத்தவர்களைக் குறிப்பிடுவேன்.